அங்கவை, சங்கவை, கோகிலா

2007இல் ‘சிவாஜி’ வெளியானபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். பள்ளிப்பாளையத்துக்குப் பக்கம், காவிரிக்கு நாமக்கல் கரையில் எங்கள் ஊர். ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு படம் வந்தது. அடுத்த வாரமே எனக்கும் என் பெஞ்சில் உட்காருகிறவளுக்கும் பெயர் விழுந்துவிட்டது. நான் அங்கவை, அவள் சங்கவை. படத்தில் சாலமன் பாப்பையாவின் மகள்களாக வரும் இரண்டு பெண்கள். முகத்தில் கரியைப் பூசியது போன்ற ஒப்பனை. அவர்களைப் பார்த்ததும் ஆண்கள் அரள்வார்கள், தியேட்டர் சிரிக்கும். அவ்வளவுதான் அவர்களுடைய பாத்திரம். பறம்பு மலையை இழந்து நின்ற பாரியின் மகள்களுக்கு மரபு கொடுத்த பெயர்கள் அவை என்பதைத் தமிழாசிரியை அடுத்த ஆண்டு சொன்னபோது, வகுப்பே திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தது.

அதே படத்தில் கதாநாயகனும் கறுப்புதான். நாயகி அவன் நிறத்தைக் காரணம் சொன்னதும் வெள்ளையாவதற்கு அவன் படாத பாடு படுவான். அதுவும் நகைச்சுவைதான். ஆனால் அந்த நகைச்சுவைக்கு ஒரு முடிவு உண்டு. அவன் நிறம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும், நாயகியும் கிடைப்பாள். அங்கவைக்கும் சங்கவைக்கும் காட்சி முடிந்தால் கதையே முடிந்தது.

நான் எழுத வந்தது ‘சிவாஜி’யைப் பற்றி அல்ல. குற்றத்தையும் சிரிப்பையும் சேர்த்துக் கட்டுகிற படங்களைப் பற்றி, அவற்றில் எந்தப் பெண்ணுக்குக் குற்றம் செய்ய அனுமதி உண்டு, எந்தப் பெண்ணுக்குச் சிரிக்க அனுமதி உண்டு என்பதைப் பற்றி. ஆனால் சங்கவை இல்லாமல் இதை எழுத முடியாது. இந்தக் கட்டுரையில் வரும் இரண்டு முக்கியமான படங்களையும் நான் அவளோடுதான் பார்த்தேன். அவளும் அவள் அம்மாவும் படித்துப் பார்த்து, சில வரிகளை அடிக்கச் சொல்லி, பிறகுதான் இதை அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

குற்றப் படங்களுக்கு எங்கள் பக்கம் ஒரு பூர்வீக உரிமை உண்டு என்று நான் விளையாட்டாகச் சொல்வது வழக்கம். சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. அந்த ஸ்டுடியோவை 1935இல் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். நூல் வியாபாரக் குடும்பம், இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை சினிமா எடுத்தால் எப்படி எடுப்பாரோ அப்படித்தான் எடுத்தார் என்று எனக்குத் தோன்றும். மாதச் சம்பளம், நேரக் கணக்கு, படத்துக்குப் பின்னால் படம். 1950இல் ‘திகம்பர சாமியார்’ வந்தது. அவருக்குப் பின் ‘இரு வல்லவர்கள்’, ‘நான்கு கில்லாடிகள்’, ‘சி.ஐ.டி. சங்கர்’, ‘கருந்தேள் கண்ணாயிரம்’ என்று வரிசையாகக் கடத்தல், கொள்ளை, துப்பறிதல். ஜெய்சங்கர் ஓடுவார், குதிப்பார், கண்ணடிப்பார். பெண்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று கடத்தப்படுகிறவள், மற்றொன்று கொள்ளைக்கூட்டத்தின் விடுதியில் ஆடுகிறவள். ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தில் நடித்த சகுந்தலாவுக்குக் காலம் முழுக்க ‘சி.ஐ.டி. சகுந்தலா’ என்றே பெயர் நிலைத்தது. துப்பறிந்தது சங்கர், பட்டம் மட்டும் சகுந்தலாவுக்கு.

இதே ஸ்டுடியோதான் 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் மனோரமாவைக் கதாநாயகி ஆக்கியது. இதைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் நம்புவதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவரைப் பற்றி நமக்கு இருக்கிற சித்திரத்தில் நாயகி இல்லை. சிரிக்க வைக்கிறவள் ஒரு பக்கம், பார்க்க வைக்கிறவள் இன்னொரு பக்கம் என்று தமிழ் சினிமா பிரித்துப் போட்ட கோடு அவ்வளவு அழுத்தமானது. சிரிக்க வைக்கிறவளுக்கு உடல் உண்டு, குரல் உண்டு, வட்டார வழக்கு உண்டு, பசி உண்டு. கதை மட்டும் அவளுடையதாக இருக்காது. ஒரே ஒருமுறை சேலத்தில் அந்தக் கோடு அழிந்தது, பிறகு அழிந்த இடத்தின் மேலேயே இன்னொரு கோடு போட்டார்கள்.

அரை நூற்றாண்டு தாண்டி வருவோம். 2013இல் வந்த ‘சூது கவ்வும்’ தமிழில் குற்ற நகைச்சுவைக்குப் புது வாசலைத் திறந்த படம் என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் எழுதினேன். நலன் குமாரசாமியின் அந்தப் படம் எனக்கு இன்றும் பிடிக்கும். விஜய் சேதுபதியின் தாஸ் விதிமுறை வைத்துக்கொண்டு ஆள் கடத்துகிறவன். கூடச் சேர்கிற மூன்று பேரும் வேலை போனவர்கள் அல்லது வேலையே இல்லாதவர்கள். அவர்கள் ஏன் கடத்துகிறார்கள் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. அம்மாவுக்கு நோய் இல்லை, தங்கைக்குக் கல்யாணம் இல்லை. சும்மா இருக்கிறார்கள், பணம் வேண்டும், கடத்துகிறார்கள். அந்தக் காரணமின்மைதான் படத்தின் அழகு.

ஆனால் அந்தப் படத்தின் நாயகி யார்? ஷாலு. தாஸின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற கற்பனைக் காதலி. தமிழ் நாயகியின் நிலையை இதைவிட நேர்மையாக யாரும் சொன்னதில்லை என்று அப்போது நான் சிலாகித்தேன், கதையில் இல்லாதவளை இல்லாதவளாகவே காட்டிவிட்டார்களே என்று. இன்று அந்தச் சிலாகிப்பைக் கொஞ்சம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நிலைமையைத் தெரிந்துகொண்டு கேலி செய்வது வேறு, மாற்றுவது வேறு. அதே படத்தில் பகலவன் என்கிற பாத்திரம் நடிகை நயன்தாராவுக்குக் கோயில் கட்டியதற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன். ஆக, அந்தப் படத்தில் ஒரு பெண் மனப்பிரமை, இன்னொரு பெண் கோயில் சிலை. குற்றம் செய்ய மட்டும் பெண் கிடையாது.

ஐந்து வருடம் கழித்து, 2018 ஆகஸ்டில், அந்தச் சிலை கோயிலைவிட்டு இறங்கிப் போதைப்பொருள் கடத்தப் போனது.

நெல்சன் திலீப்குமாரின் முதல் படமான ‘கோலமாவு கோகிலா’வைப் பார்க்க நான், சங்கவை, அவள் அம்மா மூவரும் பாலம் தாண்டி ஈரோட்டுக்குப் போனோம். சங்கவையின் அம்மாவை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். தறிப்பட்டறையில் தார் சுற்றுகிறவர். அவர் தியேட்டருக்கு வந்ததே நயன்தாராவுக்காக. படத்தில் கோகிலா கீழ்நடுத்தரக் குடும்பத்தின் மூத்த பெண். அம்மாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். சிகிச்சைக்கு 15 லட்சம் வேண்டும். அலுவலகத்தில் சம்பள உயர்வு கேட்கிறாள். மேலாளர் வேறு ஒன்றைக் கேட்கிறான். அவள் எழுந்து வந்துவிடுகிறாள். எனக்கு இந்தப் படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுதான். கூச்சல் இல்லை, கன்னத்தில் அறை இல்லை. தினமும் எத்தனையோ பெண்கள் எழுந்து வருவதுபோல வருகிறாள். பிறகு ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை. பிறகு தற்செயலாகப் போதைக் கும்பலோடு தொடர்பு. கும்பலிடம் அவளே வேலை கேட்கிறாள்.

அதற்குப் பிறகு படம் முழுக்க ஓடுவது ஒரே ஒரு வேடிக்கைதான். இந்த முகமா கடத்துகிறது? துப்பட்டா போட்ட தோள், குனிந்த தலை, பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிற பேச்சு. காவல் துறை அவளைத் தாண்டிப் போகிறது. நயன்தாரா இதைச் சிரிக்காமல், கண்ணை அகலமாக்காமல் செய்திருக்கிறார். நான் சொன்ன கோட்டை அவர் ஒரு விதத்தில் மீறினார் என்பதை மறுக்க மாட்டேன். பார்க்க வைக்கிறவளே சிரிக்கவும் வைத்தாள், அதுவும் கதையைத் தன் கையில் வைத்துக்கொண்டு. பெண் நட்சத்திரத்தின் பெயரில் ஓடிய படம் அது. அதன் வணிக முக்கியத்துவத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை.

படம் முடிந்து பேருந்தில் வரும்போது பெரியம்மா சொன்னார்: “அந்தப் புள்ள மூஞ்சிக்கு யாரும் நம்பத்தான் செய்வாங்க கண்ணு. நம்மள மாதிரி இருந்தா மொதப் பேருந்து நிலையத்துலயே பையப் பிரிச்சுக் கொட்டிருப்பாங்க.”

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ‘வெயில் ஜாஸ்தி’ என்பதுபோலச் சொன்னார். ஒரு கடையில் அவர் சேலை மடிப்பை உதறிக் காட்டச் சொன்ன நாளில் நான் கூட இருந்தேன். அதனால் அந்த வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது. படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் அது இல்லை. கோகிலாவின் மூலதனம் அவள் தைரியம் அல்ல, அவள் தோற்றம். வெளிர் நிறம், ‘குடும்பப் பாங்கு’, சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட முகம். இந்த முகத்தை எந்தச் சாதியின், எந்த வர்க்கத்தின் முகமாக நம் ஊர் பார்க்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. போலீஸ்காரரின் கண் எப்படிப் பழக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படம் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. அந்தக் கண்ணைக் கேள்வி கேட்பதற்குப் பதிலாக அதன் மேல் ஏறிச் சவாரி செய்கிறது. அந்தக் கண் தவறு என்றால் நாம் யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்? போலீஸைப் பார்த்து. ஆனால் படம் சிரிக்கச் சொல்வது யாரைப் பார்த்து? யோகிபாபுவைப் பார்த்து.

தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் சேகர் கோகிலாவைக் காதலிக்கிறான். அதற்கு ஒரு பாட்டு. படம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஓடியது. அந்தப் பாட்டின் வேடிக்கை என்ன? இவனுக்கு அவளா? வேறு எதுவும் இல்லை. யோகிபாபு அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்திருக்கிற கண்ணியத்தை நான் பார்க்காமல் இல்லை. அவன் நிறத்துக்கும் தலைமுடிக்கும் முகத்துக்கும் எதிரில் அவள் நிறத்தை நிறுத்தி வைத்துத்தான் சிரிப்பு பிறக்கிறது. அங்கவையும் சங்கவையும் இந்தமுறை ஆணாகப் பிறந்திருக்கிறார்கள். ஆணாகப் பிறந்ததால் ஒரு டூயட்டாவது கிடைத்தது.

இன்னொன்று, காரணம். ‘சூது கவ்வும்’ ஆண்களுக்குத் தேவைப்படாத காரணம் கோகிலாவுக்குத் தேவைப்படுகிறது. அவள் மகள். அம்மா சாகக் கிடக்கிறாள். ஆகவே மன்னிப்பு உண்டு. தனக்காக ஒரு ரூபாய் அவள் எடுப்பதில்லை. பிற்பாதியில் அப்பா, அம்மா, தங்கை எல்லோரும் வேனில் ஏறி, குடும்பமே சேர்ந்து கடத்தி, குடும்பமே சேர்ந்து கொல்கிறது. அந்தக் கறுப்பு நகைச்சுவையை நான் ரசித்தேன். சரண்யா பொன்வண்ணன் இருக்கிற இடத்தில் ரசிக்காமல் இருக்க முடியாது. ஆனால் குற்றம் செய்யும் பெண்ணுக்கு இருபுறமும் அம்மாவையும் அப்பாவையும் நிறுத்தி வைத்தால்தான் நம்மால் பார்க்க முடிகிறது. கோகிலாவுக்கு ஒரு தோழி இல்லை. படம் முழுக்க அவள் தன் வயதுப் பெண் ஒருத்தியிடம், தங்கையைத் தவிர, மனம்விட்டுப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இப்போது இன்னொரு படம். ‘ஒன் ஆஃப் தெம் டேஸ்’. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியானது. லாரன்ஸ் லாமன்ட் இயக்கம், சிரீட்டா சிங்கிள்டன் எழுத்து, இஸ்ஸா ரே தயாரிப்பாளர்களில் ஒருவர். நடித்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கறுப்பர்கள் வாழும் ஒரு குடியிருப்பு. ட்ரூவும் அலிஸாவும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் தோழிகள். கேகே பாமரும், பாடகி சிஸாவும். ட்ரூ உணவகத்தில் பரிமாறுகிறவள், அன்று அவளுக்கு மேலாளர் வேலைக்கு நேர்காணல். அலிஸா ஓவியம் வரைகிறவள். வாடகைப் பணம் 1,500 டாலரை அலிஸாவின் காதலன் வாங்கித் தொலைத்துவிட்டான். மாலைக்குள் கொடுக்காவிட்டால் சாமான் தெருவுக்கு வரும். ஒரு நாள் முழுக்க ஓட்டம். இடையில் மின்கம்பியில் தொங்கும் விலையுயர்ந்த ஒரு ஜோடி ஷூவைக் கழற்றி விற்கிறார்கள். அது ஒரு ரௌடியின் சொத்து. இப்போது வாடகைக்கு மேல் உயிருக்கும் விலை.

இதை நான் மடிக்கணினியில் சங்கவை வீட்டில் வைத்துப் பார்த்தேன். எனக்கே பாதி பேச்சு சப்டைட்டிலில்தான் புரிந்தது. அவளுக்கு அதையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் பத்து நிமிடத்தில் அவள் கேட்டாள்: “இதுல யாரும் செவப்பா இல்லையாடி?” பிறகு வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி புதிதாகக் குடிவருகிறாள். அந்தக் குடியிருப்பில் அவள் வீட்டுக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சங்கவை, “ஓ, இவதான் நயன்தாராவா” என்றாள்.

அவள் விளையாட்டாகக் கேட்ட முதல் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. எல்லோரும் கறுப்பாக இருக்கும் படத்தில் கறுப்பு நகைச்சுவை ஆவதில்லை. ஆக முடியாது, எதிரில் நிறுத்த ஆள் இல்லை. அப்போது சிரிப்பு வேறு இடத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. பேச்சிலிருந்து, பிடிவாதத்திலிருந்து, இரண்டு தோழிகள் ஒருத்தியை ஒருத்தி அறிந்து வைத்திருக்கும் விதத்திலிருந்து. ட்ரூ ஒழுங்குக்காரி, அலிஸா எல்லாம் நடக்கும் என்று நம்புகிறவள். ஒருத்தியின் ஒழுங்கு இன்னொருத்தியைப் பார்த்துக் கோபப்படுகிற இடத்தில் நமக்குச் சிரிப்பு வருகிறது. இருவரின் முகமும் யாராலும் நம்பப்படாத முகம். கோகிலாவின் மூலதனம் இவர்களிடம் இல்லை. அதனால் ஏமாற்றி ஒளிந்துகொள்ள முடியாது. ஓட வேண்டும், பேச வேண்டும், கெஞ்ச வேண்டும், சண்டை போட வேண்டும். தமிழ்நாட்டில் தியேட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் எங்கள் நிறம்தான். திரையில் மட்டும் நாங்கள் சிறுபான்மை. அமெரிக்காவில் உண்மையிலேயே சிறுபான்மையாக இருக்கிறவர்கள் தங்கள் படத்தில் பெரும்பான்மையாக இருக்கிறார்கள். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அவசரக் கடன் கொடுக்கும் கடைக்கு இருவரும் போகிறார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், கேட் வில்லியம்ஸ், உள்ளே போகாதீர்கள் என்று எச்சரிக்கிறார். உள்ளே இருக்கும் பெண் இவர்களுடைய கடன் தகுதி மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அடக்க முடியாத சிரிப்பு. சங்கவையும் கூடச் சேர்ந்து சிரித்தாள், கண்ணில் நீர் வரும் வரைக்கும். “எங்கம்மாவப் பாத்து எங்க குழுக்காரன் இப்பிடிச் சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. அவன் சிரிக்கவே மாட்டான், உக்காந்தே இருப்பான்” என்றாள்.

வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நுண்கடன் நிறுவனங்கள் பெண்களுக்குத்தான் கடன் கொடுக்கும், குழுவாகச் சேர்த்துத்தான் கொடுக்கும். ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் பொறுப்பு. வாரத்தில் ஒரு நாள் காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூட்டம். வசூலுக்கு வருகிறவர் பணம் முழுதாகச் சேரும் வரை எழுந்து போகமாட்டார். கட்டாதவள் வீட்டு வாசலில் அவர் உட்கார வேண்டியதில்லை, குழுப் பெண்களே உட்காருவார்கள். பக்கத்து வீட்டுக்காரியை வசூல்காரி ஆக்குவதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் தவணையாகப் போகக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. கட்டாய வசூலைத் தண்டிக்க 2025இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. விதியும் சட்டமும் வருவதற்கு முன்பே ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட இன்னொன்று என்று தறிப்பட்டறைத் தெருக்கள் நிரம்பிவிட்டன. ஆணுக்குப் பட்டறையில் முன்பணம், பெண்ணுக்குக் குழுவில் கடன். அந்தப் பக்கமும் கட்டு, இந்தப் பக்கமும் கட்டு.

பிறகு ரத்தம் கொடுக்கும் காட்சி வந்தது. காசுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறார்கள். அலிஸாவுக்கு ஊசி போடுகிறவள் வேலைக்குப் புதிது. அளவு தெரியாமல் எடுத்துக்கொண்டே போகிறாள். அலிஸா வெளிறிப்போய்ச் சாய்கிறாள். படத்தின் மிகப் பெரிய அமளி அந்தக் காட்சிதான். அமெரிக்கத் தியேட்டர்கள் அதற்குத்தான் அதிகம் சிரித்திருக்கும்.

சங்கவை எட்டி மடிக்கணினியின் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள்.

இந்தியாவில் காசுக்கு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 முதல் தடை. சிறுநீரகம் விற்பது 1994 சட்டத்தின்படி குற்றம், வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, விற்கிறவருக்கும். 2025 ஜூலையில் பள்ளிப்பாளையத்தின் பெயர் திடீரென்று எல்லாச் செய்தியிலும் வந்தது. விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கியது பற்றி. அரசு விசாரணை நடந்தது, இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்புமாற்று உரிமம் போனது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. செய்தி பார்த்தவர்கள் எனக்கு அலைபேசியில் ‘உங்க ஊரா?’ என்று கேட்டார்கள். எங்கள் தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

நாங்கள் பத்தாம் வகுப்பு படித்தபோது பெரியம்மா இருபது நாள் வேலைக்குப் போகவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னார். தழும்பு விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் இருந்தது. தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. அந்தப் பணம் எந்தக் கடனுக்குப் போனது, மீதி எவ்வளவு, தரகர் யார், எந்த ஊர் மருத்துவமனை என்பதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். ‘கோலமாவு கோகிலா’வில் மருத்துவர் 15 லட்சம் என்று சொல்லும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார். அப்போது நான் அதற்கு எந்த அர்த்தமும் கற்பிக்கவில்லை. இப்போதும் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன், தியேட்டரில் ஏசி குளிராகவும் இருந்திருக்கலாம்.

எந்தக் குற்றம் நகைச்சுவை ஆகிறது, எந்தக் குற்றம் ஆவதில்லை என்பதை நான் அந்த நிறுத்திய திரையைப் பார்த்துக்கொண்டேதான் யோசித்தேன். ஆள் கடத்தலை வேடிக்கையாக்கலாம். நூறு கிலோ கொக்கெய்னை வேடிக்கையாக்கலாம். சட்டப்படி எங்கள் தெருப் பெண்கள் செய்ததும் குற்றம்தான். அதைக் குற்றப் படமாக எடுக்க யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் அதில் எதிரி இன்னொருவர் வீட்டுக்குள் இல்லை, ஓடித் தப்பிக்க இடமும் இல்லை. கோகிலாவின் உடல் படம் முழுக்க ஆபத்தில் இருக்கிறது, மேலாளரிடம், கும்பலிடம். ஆனால் அந்த ஆபத்து எப்போதும் ‘மானம்’ என்ற ஒரே ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். பெண்ணுடலுக்கு விலை பேசுவது என்றால் தமிழ் சினிமாவுக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான். ஒரு பெண்ணின் உடல் வெறும் அடமானப் பொருளாக, ஒரு சிறுநீரகமாக, ஒரு பாட்டில் ரத்தமாக எண்ணப்படுவதை நம் படங்கள் இன்னும் பார்க்கவே தொடங்கவில்லை. அமெரிக்கப் படம் அதைப் பார்த்தது. பார்த்துச் சிரித்தது என்பதுதான் சிக்கல்.

சிறிது நேரம் கழித்து சங்கவையே மறுபடி ஓடவிட்டாள். “எந்திரிச்சு வர்றாளான்னு பாக்கோணும்” என்றாள். அலிஸா எழுந்து வந்தாள். தோழியின் தோளில் சாய்ந்து, ஆடி ஆடி. சங்கவை சிரிக்கவில்லை, ஆனால் அப்புறம் நிறுத்தவும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அதற்காக வெட்கப்பட வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை. பெரியம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவர யார் போனார்கள் என்று அன்று சங்கவையிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

படத்தைப் புகழ்ந்து மட்டும் விட்டுவிட முடியாது. பெர்னீஸ் என்கிற பாத்திரம் எனக்கு உறுத்தியது. அதே காதலனின் இன்னொரு காதலி. பருத்த உடல், பலசாலி, கோபக்காரி, நாள் முழுக்க இவர்களைத் துரத்துகிறவள். துரத்தலுக்கு அவள் உடல்தான் வேடிக்கை. நிறத்தைக் கேலி செய்ய வழியில்லாத இடத்தில் படம் பருமனைக் கையில் எடுத்துக்கொள்கிறது. கேலிக்கு எப்போதும் ஒரு உடல் தேவைப்படுகிறது போலும். அந்தப் பெண்ணும் ஏமாற்றப்பட்டவள்தான், பணத்தைத் தின்றவன் அவளிடமும்தான் பொய் சொல்லியிருப்பான். மூன்று பெண்களும் ஒரே பக்கம் நிற்பதற்கான படம் உள்ளேயே இருக்கிறது, அதை எடுக்கவில்லை. முடிவில் அலிஸாவின் ஓவியங்கள் வந்து காப்பாற்றுவதும் எனக்கு ஒட்டவில்லை. திறமை இருந்தால் வாடகை கட்டலாம் என்றால், திறமை இல்லாதவள் எங்கே போவாள்? சங்கவைக்கு வரையத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஆனால் சங்கவைக்கு முடிவு பிடித்திருந்தது. இருவரும் கடைசி வரை ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்பதுதான் அவளுக்கு முக்கியம். கோகிலா படத்தில் அம்மா பிழைத்தது பிடித்திருந்ததா என்று கேட்டேன். “அது பெரிய எடத்து நோவு” என்றாள். பிறகு 1,500 டாலர் என்பது நம்ம பணத்தில் எவ்வளவு என்று கேட்டாள். ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் வரும் என்றேன். மாசத்துக்கா என்றாள். மாசத்துக்குத்தான் என்றேன். அப்போது அந்தக் கடன் கொடுக்கிற பெண் சிரித்தது நியாயம்தான் என்று சொல்லிவிட்டு, அந்தச் சிரிப்பை மட்டும் இன்னொருக்கா போடச் சொன்னாள். போட்டேன். பெரியம்மா உள்ளேயிருந்து, யாருடி அது இந்நேரத்தில் இப்படிச் சிரிக்கிறது என்று சத்தம் போட்டார். மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஏழு மணிக்கு அவர்கள் வீட்டுத் திண்ணையில்தான் கூட்டம்.